திருகோணமலை வளவில் கோப்பிச் செடி: இலை வாடினால் எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது

உப்புவெளியில் கோப்பி வளர்க்கிறேன் என்றால் ஆட்கள் சிரிக்கிறார்கள். மலைநாட்டுச் சாமானைக் கடற்கரை மணலில் வைத்து என்ன செய்யப்போகிறாய் என்று மாமியே கேட்டார். அவர் கேட்டதிலும் பிழை சொல்ல முடியாது. மாத்தளைப் பக்கமிருந்து கொண்டுவந்த நான்கு கன்றில் மூன்று முதல் வருடமே செத்துவிட்டன. ஒன்று கிணற்றுத் தண்ணீரால், ஒன்று கச்சான் காற்றால், மற்றது மாரியில் அடி மூழ்கி. அந்த வருடம் முழுக்க நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றால், இலையைப் பிடுங்கிக்கொண்டு கடைக்குப் போய்க் காட்டி, கடைக்காரர் தந்த மருந்துப் போத்தலை வாங்கிவந்து அடித்துக்கொண்டிருந்தேன். ஒரு போத்தலும் உதவவில்லை. மூன்றில் ஒன்றுக்குக்கூட நோய் கிடையாதே, எப்படி உதவும்?

அதனால் இங்கே அறிகுறியைப் பார்த்துக் காரணத்துக்குப் போகும் வழியை எழுதுகிறேன். நம் ஊரில் அடிக்கடி வருவதை விரிவாகவும், அரிதாக வருவதைச் சுருக்கமாகவும் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு கேள்வி, உங்களிடம் இருப்பது எந்தக் கோப்பி? அரபிக்காவா, ரொபஸ்டாவா? அரபிக்கா எத்தியோப்பிய மலைக்காட்டுச் செடி, 18 முதல் 22 பாகை வரைதான் அதற்கு இதமான சூடு, 30ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் சுணங்கிவிடும். இங்கே வைகாசி, ஆனியில் பகல் 34, 35 என்பது சாதாரணம். ரொபஸ்டா ஆபிரிக்கத் தாழ்நிலத்துச் செடி, 24 முதல் 30 வரை சந்தோசமாக நிற்கும், கஃபீனும் அரபிக்காவை விட ஏறத்தாழ இரண்டு மடங்கு. இலை உள்ளங்கையை விடப் பெரிதாக, நரம்புக்கு நடுவே புடைத்து அலையலையாக இருந்தால் ரொபஸ்டா. சின்னதாக, கரும்பச்சையாக, எண்ணெய் பூசினது போல மினுங்கினால் அரபிக்கா. அரபிக்கா வைத்திருப்பவர்கள் கீழே சொல்வதையெல்லாம் இரண்டு மடங்கு கவனத்தோடு செய்யவேண்டும், அதைத் தவிர வேறு ஆறுதல் என்னிடம் இல்லை.

விதை முளைக்கவே இல்லை

வறுத்த கொட்டை முளைக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். வறுக்காத பச்சைக் கொட்டையைக் கடையில் வாங்கி ஊன்றினாலும் பெரும்பாலும் முளைக்காது, கோப்பி விதையின் உயிர் இரண்டு மூன்று மாதத்தில் போய்விடும். பழுத்த சிவப்புப் பழத்தைப் பறித்து, தோலை நசுக்கி, வழுவழுப்பைக் கழுவி, நிழலில் உலர்த்தி அந்தக் கிழமையே ஊன்றுங்கள். வெளியே இருக்கும் உமி போன்ற ஓட்டை நகத்தால் உரித்துவிட்டால் சீக்கிரம் வரும். சீக்கிரம் என்றாலும் ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும். தண்டு கொட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு நெடுநேரம் நிற்கும், பொறுக்காமல் அந்த ஓட்டைக் கையால் கழற்றப் போகாதீர்கள், உள்ளே இருக்கும் விதையிலையும் கிழிந்து வந்துவிடும்.

இலை மஞ்சளாகிறது

இதுதான் நம் ஊரின் முதல் முறைப்பாடு. எந்த இலை மஞ்சள், எப்படி மஞ்சள் என்று பாருங்கள்.

புதுக் கொழுந்து மஞ்சளாக வந்து, நரம்பு மட்டும் பச்சைக் கோலம் போட்டது போலத் தெரிந்தால் இரும்புக் குறை. மண்ணில் இரும்பே இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. இரும்பு இருக்கும், வேரால் எடுக்க முடியாமல் இருக்கும். கோப்பிக்குக் கொஞ்சம் புளித்தன்மையுள்ள மண் வேண்டும், பி.எச். 5.5 முதல் 6.5 வரை. நாமோ சுண்ணாம்பு கரைந்த கிணற்றுத் தண்ணீரை நாள்தோறும் ஊற்றுகிறோம். உங்கள் கிணறு எப்படிப்பட்டது என்று அறிய ஆய்வுகூடம் ஒன்றும் வேண்டாம், தேத்தண்ணிக் கேத்தலின் உள்ளே பாருங்கள். வெள்ளையாகத் தடித்துப் படிந்திருந்தால் அதே சாமான்தான் செடியின் அடியிலும் படிகிறது. சாடியில் வைத்த செடிக்கு இது இன்னும் மோசம், தரையில் என்றால் மாரி மழை வருடத்துக்கு ஒரு தடவையாவது கழுவிவிடும்.

சரி, என்ன செய்வது? மாரியில் கூரைத் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். நம் ஊருக்கு மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் தை வரைக்குள் கொட்டிவிடுகிறது. 200 லீற்றர் பரல் ஒன்று நிரம்பினால், இரண்டு நாளுக்கு ஒரு தடவை 2 லீற்றர் வீதம் ஒரு சாடிச் செடிக்கு 200 நாள் வரும், மாசியில் தொடங்கினால் ஆவணி வரை. (பரலை வலை போட்டு மூடுங்கள், டெங்கு நுளம்புக்கு வீடு கட்டிக் கொடுத்தது போல ஆகிவிடும்.) மழைத்தண்ணீர் முடிந்தால் 10 லீற்றர் வாளிக்கு ஒரு மேசைக்கரண்டி வினாகிரி கலந்து ஊற்றலாம், கேத்தல் மோசமாக இருந்தால் இரண்டு. கடையில் இரும்புச் செலேட் (வேர் எடுக்கக்கூடியபடி பிணைத்த இரும்புப் பசளை) கேட்டால் பெரும்பாலும் ஈ.டி.டி.ஏ. வகையைத் தருவார்கள். சுண்ணாம்பு மண்ணில் அது கனநாள் தாக்குப்பிடிக்காது, ஈ.டி.டி.எச்.ஏ. வகை கிடைத்தால் அதை வாங்குங்கள். ஏற்கெனவே மஞ்சளான இலை முழுதாகத் திரும்பாமல் போகலாம், அடுத்து வரும் கொழுந்து பச்சையாக வருகிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

புது இலை நன்றாக இருந்து, கீழே இருக்கும் பழைய இலை நரம்புகளுக்கு நடுவே மட்டும் மஞ்சளானால் மக்னீசியம் குறைவு. எப்சம் உப்பு ஒரு தேக்கரண்டி, தண்ணீர் ஒரு லீற்றர், வெயில் சாய்ந்த பிறகு இலையில் தெளியுங்கள், இரண்டு கிழமைக்கு ஒரு தடவை வீதம் மூன்று தடவை போதும். பழைய இலை நரம்போடு சேர்ந்து முழுக்க வெளிறி, செடியே சோகை பிடித்தது போல நின்றால் நைதரசன் பசி. மக்கின மாட்டெருவும் கிளிசரியா இலையும் அடியில் போட்டு மூடுங்கள். மணல் மண்ணில் யூரியாவை ஒரேயடியாகப் போட்டால் பாதி அடுத்த மழையோடு கிணற்றுக்குத்தான் போகும், கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போடுங்கள்.

இலை ஓரம் கருகுகிறது

இங்கேதான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்தேன். ஓரம் கருகினதும் தண்ணீர் போதவில்லை என்று இன்னும் இரண்டு வாளி ஊற்றுவது. கருகல் மூன்று விதம், செடியைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தாலே பிரித்துவிடலாம்.

எல்லாப் பக்கத்திலும் பழைய இலைகளின் நுனியும் ஓரமும் கபிலமாகிக் காய்ந்து, சாடி விளிம்பில் வெள்ளைப் பொருக்கு இருந்தால் உப்பு. கடலோரக் கிணறுகள் ஆடி, ஆவணியில் மட்டம் இறங்கும்போது உவர்க்கத் தொடங்கும். நாக்கில் வைத்தால் நமக்கே தெரியும், ஆனால் நாக்குக்குத் தெரியும் முன்பே கோப்பிக்குத் தெரிந்துவிடும். பசளையைக் கூடப் போட்டாலும் இதே கருகல்தான் வரும். சாடிக்கு மருந்து என்னவென்றால், சாடி கொள்ளும் அளவைப்போல மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடியால் ஓடவிடுவது. தட்டில் தேங்கினதைக் கொட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அதே உப்பைத் திரும்பக் குடிக்கும்.

மேற்குப் பக்க இலைகள் மட்டும் கருகி, கிழக்குப் பக்கம் பச்சையாக இருந்தால் கச்சான். வைகாசியிலிருந்து தரைப் பக்கமாக வரும் அந்தக் காய்ந்த சூட்டுக்காற்று இலையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாது, அடி ஈரமாக இருந்தாலும் மேலே காய்ந்துவிடும். இதற்குத் தண்ணீர் பதில் இல்லை, மறைப்புத்தான் பதில். மேற்கே கிளிசரியா, பூவரசு என்று வேலி எழும்பும் வரைக்கும் கிடுகு கட்டுங்கள். நான்கு கிடுகு, இரண்டு கம்பு, ஒரு மணித்தியால வேலை. காற்றை ஒரேயடியாக மறிக்கும் தகரத்தை விடக் கிடுகு நல்லது, கொஞ்சம் காற்றை உள்ளே விடும், தகரத்தில் மோதினால் சுழன்று மறுபக்கம் வந்து அடிக்கும். நிலாவெளி, சல்லிப் பக்கம் கடலுக்குக் கிட்ட இருப்பவர்களுக்கு மாரியில் வாடைக்காற்றும் உப்புத்தூவலோடு கிழக்கிலிருந்து வரும். அவர்கள் வீட்டுச் சுவரின் மேற்குப் பக்கத்தில் செடியை வைத்து, செடிக்கும் மேற்கே கிடுகு கட்டினால் இரண்டு காற்றிலிருந்தும் தப்பும்.

ஓரம் நன்றாக இருந்து இலையின் நடுவே வெளிறின திட்டு, பிறகு காய்ந்த கபிலத் திட்டு என்று வந்தால் வெயில் சுட்டது. கோப்பி காட்டு மரங்களுக்கு அடியில் வளர்ந்து பழகின செடி. முதல் இரண்டு வருடம் பாதி நிழல் கட்டாயம், பிறகும் பின்னேர வெயிலுக்கு மறைப்பு வேண்டும். தென்னைக்கு இடையில் வைத்தால் ஓடிக்கொண்டே இருக்கும் அந்த நிழல் இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் தென்னையின் அடிக்கே கொண்டுபோய் வைக்காதீர்கள், வேர்ப் போட்டியில் கோப்பி தோற்கும், ஓலை விழுந்தால் கன்று முறியும்.

செடி தலை தொங்கிவிட்டது

விரலை மண்ணில் இரண்டு கணு ஆழத்துக்கு விடுங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர் ஊற்றுங்கள், அன்று பின்னேரமே நிமிர்ந்துவிடும். கோப்பி இந்த விசயத்தில் கொஞ்சம் நாடகக்காரி. மத்தியானத்தில் தொங்கிப் பின்னேரம் தானாக நிமிர்ந்தால் ஒன்றும் செய்யவேண்டாம்.

மண் ஈரமாக இருந்தும் தொங்கினால்தான் பயப்படவேண்டும். வேர் அழுகுகிறது, அழுகின வேரால் குடிக்க முடியவில்லை, நாம் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுகிறோம். கார்த்திகை, மார்கழியில் இது வரும். மணல் தரைதானே, தண்ணீர் நிற்காது என்று நானும் நம்பியிருந்தேன். மேலே நிற்காது, உண்மைதான். ஆனால் மாரியில் கிணறு விளிம்பு வரை நிரம்புகிறது அல்லவா, அப்படியென்றால் நிலத்துக்குக் கீழே நீர்மட்டம் அவ்வளவு மேலே வந்திருக்கிறது, செடியின் வேர் அந்தத் தண்ணீருக்குள்தான் நிற்கிறது. என் மூன்றாவது கன்று அப்படித்தான் போனது. இப்போது ஒன்றரை அடி உயர மேடு கட்டி அதில்தான் நடுகிறேன். தம்பலகாமம், கந்தளாய் போலக் களிமண் உள்ள இடங்களில் மேடோடு சேர்த்துச் சுற்றி வாய்க்காலும் வெட்டவேண்டும்.

சாடியில் என்றால் செடியைக் கழற்றி வேரைப் பாருங்கள். வெள்ளையாகவும் உறுதியாகவும் இருந்தால் தப்பும். கபிலமாக, தொட்டால் தோல் உருவி வந்தால் அந்தப் பகுதியை வெட்டி, மணலும் தும்புத்தூளும் மக்கின எருவும் கலந்த புதுக் கலவையில் வைத்து, நிழலில் விட்டு, இலையிலும் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிடுங்கள். தும்புத்தூளை முதலில் இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள், சிலவற்றில் உப்பு இருக்கும். சாடிக்கு அடியில் இரண்டு செங்கல் வையுங்கள்.

இலைக்குக் கீழே செம்மஞ்சள் தூள்

மேலே மஞ்சள் பொட்டு, திருப்பிப் பார்த்தால் விரலில் ஒட்டும் செம்மஞ்சள் தூள். இது உண்மையான நோய், கோப்பித் துரு. ஹெமிலேயா வஸ்டாட்ரிக்ஸ் என்ற பூஞ்சணம். இலங்கைக்காரர் இதை மறக்கக்கூடாது. 1869இல் மலைநாட்டில் தென்பட்டது, இருபது வருடத்துக்குள் உலகத்துக்கே கோப்பி அனுப்பிய தோட்டங்களைத் தின்று தீர்த்தது. கோப்பித் தோட்டத்துக்கென்று தமிழ்நாட்டிலிருந்து காட்டுவழி நடந்து வந்த சனங்களைத் தேயிலைக்கு மாற்றியது இந்தத் தூள்தான்.

ஆனால் உங்கள் வளவில் இதைக் காண்பது கொஞ்சம் அரிது. அந்தப் பூஞ்சண வித்து முளைக்க இலையில் மணிக்கணக்கில் ஈரம் நிற்கவேண்டும், நம் ஊரில் மாரியை விட்டால் அந்த ஈரம் இல்லை. ரொபஸ்டாவுக்கு எதிர்ப்பும் பெரும்பாலும் நல்லது. அரபிக்காவில் வந்தால் தூள் பிடித்த இலைகளைப் பறித்து எரியுங்கள், நெருக்கமான கிளையைக் குறைத்துக் காற்று ஓடவிடுங்கள், மாரி தொடங்கும் முன் ஒரு தடவை போர்டோக் கலவை அடியுங்கள். ஒரு லீற்றருக்கு 10 கிராம் மயில்துத்தம் (செப்புச் சல்பேற்று), 10 கிராம் சுண்ணாம்பு, தனித்தனியே பிளாஸ்டிக் வாளியில் கரைத்துப் பிறகு சேர்ப்பது. சுத்தமான இரும்பு ஆணியைச் சேர்த்த கலவையில் கொஞ்ச நேரம் விட்டு எடுங்கள், சிவப்பாகச் செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேர்க்கவேண்டும், அப்படியே அடித்தால் இலை வெந்துவிடும்.

தூள் இல்லாமல், கபில வட்டமும் நடுவே சாம்பல் கண்ணும் தெரிந்தால் அது வேறு, கண்பொட்டு. பசியோடு வெயிலில் நிற்கும் செடிக்குத்தான் வரும். எருவும் நிழலும் கொடுங்கள்.

இலையில் கரி பூசினது போல, எறும்பு வேறு

கரியைத் துடைத்துப் பிரயோசனம் இல்லை. மேல் கிளையில் இளம் தண்டையும் இலை நடுநரம்பையும் பாருங்கள், பச்சை நிறத்தில் தட்டையாகச் செதில் பூச்சி ஒட்டியிருக்கும், அல்லது கணுவில் பஞ்சு போல மாப்பூச்சி. அவை கழிக்கும் இனிப்பு நீரில்தான் கரிப்பூஞ்சணம் வளர்கிறது, அந்த இனிப்புக்காகத்தான் எறும்பு அவற்றை மேய்த்துக் காவல் நிற்கிறது. முதலில் எறும்பு ஏறும் வழியை வெட்டுங்கள்: சுவரையோ வேலியையோ தொடும் கிளையைக் கழித்து, தண்டில் துணி சுற்றி அதன்மேல் கிறீஸ் பூசுங்கள், நேராகப் பட்டையில் பூசாதீர்கள். பிறகு ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய், அரைத் தேக்கரண்டி சவர்க்காரக் கரைசல் கலந்து, இலையின் அடிப்பக்கம் நனையும்படி பின்னேரத்தில் அடியுங்கள். கிழமைக்கு ஒரு தடவை, மூன்று கிழமை. எறும்பு போனதும் இவற்றைத் தின்னும் வண்டுகள் தாமாக வந்து சேரும்.

ஒரு கிளை மட்டும் திடீரென்று காய்கிறது

மற்றதெல்லாம் பச்சை, ஒரு கிளை மட்டும் நடுவிலிருந்து நுனி வரை கறுத்துக் காய்ந்துவிட்டது. காய்ந்த இடம் தொடங்கும் பக்கம், கிளையின் அடிப்புறத்தில் குண்டூசித் தலையளவு ஓட்டை இருக்கிறதா? துளைவண்டு. ரொபஸ்டாவை இது விரும்பித் துளைக்கும். மருந்து உள்ளே போகாது. ஓட்டைக்கு இரண்டு மூன்று அங்குலம் கீழே வெட்டி அன்றே எரியுங்கள், வேலியோரம் போட்டால் அங்கிருந்து திரும்பி வரும். முதன்மைத் தண்டில் பெரிய ஓட்டை, கீழே சிறு உருண்டைகளாக மரத்தூள் என்றால் உள்ளே சிவப்புப் புழு. கம்பியை விட்டுக் குத்திக் கொன்று, ஓட்டையைக் களியால் அடைத்துப் பாருங்கள். தண்டு ஆடினால் அதற்குக் கீழே வெட்டிவிடுங்கள், கோப்பி அடியிலிருந்து திரும்பத் துளிர்க்கும்.

ஓட்டை ஏதும் இல்லாமல், காய் நிறையப் பிடித்த கிளைகள் நுனியிலிருந்து காய்ந்து இலை கொட்டினால், தாங்கமுடியாத அளவு காய்த்துவிட்டது. கோப்பி தானாகக் காயை உதிர்க்காது, தன் சத்தையெல்லாம் காய்க்குக் கொடுத்துவிட்டுத் தான் சாகும். மூன்றில் ஒரு பங்கு காயை நீங்களே கிள்ளிவிடுங்கள், மனம் வராது, ஆனாலும் கிள்ளுங்கள்.

பூக்கவில்லை, பூத்தாலும் காய்க்கவில்லை

மூன்று வயதுக்குக் குறைந்த செடியிடம் பூ கேட்காதீர்கள். நான்கு வயதாகியும் இல்லை என்றால் பெரும்பாலும் உங்கள் தண்ணீர் பைப்தான் காரணம். கோப்பி மொட்டு அரும்பாகி உறங்கிப்போகும், சில கிழமை வறட்சி கண்டு, பிறகு ஒரு நல்ல மழை விழுந்தால்தான் எழும்பும், மழைக்குப் பிறகு ஒரு கிழமை, பத்து நாளில் வளவு முழுக்க மல்லிகை மணக்கும். நாம் பாவம் பார்த்து வருடம் முழுக்க ஒரே அளவாக ஊற்றிக்கொண்டிருந்தால் அங்கொன்று இங்கொன்றாகப் பூத்து வீணாகும். பெரிய செடிக்கு மாசி நடுவிலிருந்து பங்குனிக் கடைசி வரை தண்ணீரைக் குறையுங்கள், காலையிலும் இலை தொங்கி இருந்தால் மட்டும் கொஞ்சம். சித்திரையில் இடி மழை வந்தால் அதுவே போதும், வராவிட்டால் ஒரே நாளில் அடி நனைய நாலைந்து வாளி ஊற்றுங்கள். கன்றுக்கும் சாடிச் செடிக்கும் இந்தப் பட்டினி வைக்காதீர்கள்.

பூத்துக் குலுங்கி ஒரு காயும் இல்லையா? ரொபஸ்டா தன் மகரந்தத்தால் தானே காய்க்காது. இன்னொரு ரொபஸ்டா வேண்டும், அதுவும் வேறு விதையிலிருந்து வந்தது. ஒரே தாய்ச்செடியின் தடியை வெட்டி வைத்த பத்துச் செடி இருந்தாலும் அது ஒரே செடிதான். எனக்கு மிஞ்சின ஒற்றைச் செடி இரண்டு வருடம் இப்படி வெறும் பூவாகவே நின்றது, பக்கத்து வளவில் ஒரு விதைக்கன்று கொடுத்து வைக்கச்சொன்ன பிறகுதான் காய் கண்டேன். அரபிக்காவுக்கு இந்தத் தொல்லை இல்லை, தனியாகவே காய்க்கும். இன்னொன்று, போன வருடம் காய்த்த கணுவில் இந்த வருடம் அநேகமாகக் காய்க்காது, புதிதாக நீண்ட பகுதியில்தான் பூ வரும். ஆகவே அறுவடை முடிந்ததும் பழைய, நீண்டு வெறுமையான கிளைகளைக் கழியுங்கள்.

பழத்தில் ஓட்டை, கொட்டையில் கனம் இல்லை

பழத்தின் தொப்புள் பக்கம் சின்ன ஓட்டை என்றால் காய்த்துளைப்பான் வண்டு. மரத்திலும் நிலத்திலும் ஒரு பழம் விடாமல் பொறுக்குவதுதான் வழி, கறுத்துக் காய்ந்து தொங்குவதையும் சேர்த்து. பொறுக்கினதைக் கொதிதண்ணீரில் போட்டுப் பிறகு புதையுங்கள். ஒன்றிரண்டு செடி வைத்திருப்பவர்களுக்கு இது கால்மணி நேர வேலை.

ரொபஸ்டா சித்திரையில் பூத்தால் பழுக்க ஒன்பது முதல் பதினொரு மாதம், அதாவது தை, மாசி, பங்குனி. கொட்டை உள்ளே நிறையும் காலம் நடுவிலே கச்சானோடு ஒத்துப்போகிறது. அந்த ஆனி, ஆடி, ஆவணியில் தண்ணீர் தவறினால் பழம் வெளியே சிவப்பாகப் பழுத்தும் உள்ளே சொத்தையாக இருக்கும். பறித்ததும் வாளித் தண்ணீரில் கொட்டுங்கள். மிதப்பதை அள்ளி எருக்குழியில் போடுங்கள், தாழ்ந்ததைக் காயவையுங்கள். இரண்டு கொட்டைக்குப் பதில் உருண்டையாக ஒரே கொட்டை இருக்கும் பழமும் அங்கங்கே வரும், அது நோய் இல்லை, எறியவேண்டாம், மற்றதோடு சேர்த்தே வறுக்கலாம். மல்லியும் சுக்கும் எவ்வளவு போடுவது என்பதை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், அதில் எனக்கும் மாமிக்கும் இன்னும் தீர்ப்பு வரவில்லை.